தோட்டா போய் நிற்கும் இடம்

பெல்டிங் தரை அணில் ஆண்டில் ஏழெட்டு மாதம் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் பிராணி. மிச்சமுள்ள நான்கைந்து மாதத்துக்குள் அது விழிக்க வேண்டும், இணை சேர வேண்டும், குட்டி போட்டு வளர்க்க வேண்டும், அடுத்த நெடுந்தூக்கத்துக்கான கொழுப்பையும் உடம்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இத்தனை அவசரத்தோடு வளையை விட்டுத் தலை நீட்டும்போது எதிரே குதிரைமசால் வயல் தளதளவென்று கிடந்தால் அது வேறெங்கே போகும்? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக் கிழக்கு மூலையில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும் தலைவலி இது. அந்தத் தலைவலியை நம்பித்தான் துப்பாக்கியும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் அங்கே வந்து இறங்குகின்றன.

அணில் என்றதும் நமக்கு முதுகில் கோடு போட்டு மரத்தில் ஓடும் அணில்தான் நினைவுக்கு வரும். இதற்குக் கோடும் கிடையாது, மரமும் கிடையாது. மண் நிறம், குட்டையான வால், பின்னங்காலில் நட்டுவைத்த முளைக்குச்சி மாதிரி நேராக நிற்கும் பழக்கம். கலிபோர்னியாவின் இயற்கையியலாளர் லைமன் பெல்டிங்கின் பெயர் இதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை; சேஜ்பிரஷ் புதர்க்காட்டில் இருப்பதால் அவர்களுக்கு இது 'சேஜ் ரேட்', அதாவது சேஜ் எலி. நம்மூர் விவசாயி வயல் எலியைப் பார்க்கும் கண்ணோடுதான் அங்கிருப்பவர்கள் இதைப் பார்க்கிறார்கள். தளிரைக் கடித்துத் தீர்ப்பது ஒரு பக்கம். தோண்டிப் போட்ட மண்மேட்டில் மோதி அறுப்பு இயந்திரத்தின் கத்தி மழுங்குவதும், வாய்க்கால் கரையில் வளை விழுந்து தண்ணீர் கசிவதும் இன்னொரு பக்கம்.

ஹார்னி கவுன்டி இந்த வேட்டைக்குப் பேர்போன இடம். ஆரிகன் மாநிலத்திலேயே பரப்பில் பெரிய கவுன்டி அது. 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த நிலத்தில் 2020 கணக்கெடுப்பின்படி வசித்தவர்கள் எட்டாயிரத்துக்கும் குறைவு. தலைநகரான பர்ன்ஸ் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பனி உருகி வரும் தண்ணீரைப் புல்வெளியில் பரவவிட்டுத் தீவனம் வளர்க்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வந்து இறங்கும் பறவைகளுக்காகவே 1908-இல் தியடோர் ரூஸ்வெல்ட் அங்கே மால்யூர் சரணாலயத்தை அறிவித்தார். ஆக, ஏப்ரல் மாதத்தில் பர்ன்ஸ் விடுதிகளில் ஒரு மேசையில் இருநோக்கியோடு பறவை பார்க்க வந்தவர்கள், அடுத்த மேசையில் சேஜ் ரேட் சுட வந்தவர்கள். இருவரும் ஒரே காப்பியைக் குடித்துவிட்டு ஒரே வயலின் இரண்டு ஓரங்களுக்குப் போவார்கள்.

இந்தக் கட்டுரையில் வரும் குடும்பம் பென்ட் நகரத்துக் குடும்பம். பர்ன்ஸிலிருந்து மேற்கே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாட்டி, மகன், மருமகள், பதின்மூன்று வயதுப் பேத்தி, பத்து வயதுப் பேரன். வேட்டையை நடத்துபவர் மகன் இல்லை, பாட்டி. தீவனப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் வாய்க்கால் மடை திறக்கப் போகும்போதே தோளில் பாயின்ட் டூ-டூ துப்பாக்கி இருக்கும். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் வண்டியில் சாமான் ஏறும், இறங்கும்.

அவர் முதலில் கற்றுக்கொடுப்பது துப்பாக்கியைப் பற்றியதே இல்லை. அனுமதி கேட்பதைப் பற்றியது.

பருவம் தொடங்கிய பிறகு பண்ணை வாசலில் போய் நிற்பவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. இன்று பல பண்ணைகள் தலைக்கு இவ்வளவு என்று நாள் கட்டணம் வாங்குகின்றன. சில பண்ணைகள் தங்க இடமும் சோறும் சேர்த்தே தருகின்றன. கட்டணம் இல்லாமல் விடுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஆளைப் பார்த்து விடுபவர்கள். பாட்டி குளிர்காலத்திலேயே தொலைபேசியில் பேசிவிடுவார். எந்த வயல், எத்தனை பேர், எத்தனை வண்டி, பிள்ளைகள் உண்டா, நாய் உண்டா, எந்தத் துப்பாக்கி என்று எல்லாவற்றையும் தானாகவே சொல்லிவிடுவார். பண்ணைக்காரர் கேட்கும் முன்னால் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பருவம் மாடுகள் கன்று ஈனும் பருவம். இரவெல்லாம் விழித்துக் கன்று பார்த்த மனிதரிடம் காலையில் போய் "எந்தப் பக்கம் சுடலாம்?" என்று முதல் கேள்வியாகக் கேட்டால் பதில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கிடைத்த அனுமதியைக் காப்பாற்றுவது அடுத்த பாடம். திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விட வேண்டும், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போக வேண்டும். இதைச் சொல்லாத பண்ணைக்காரர் இல்லை. மீறாத விருந்தாளியும் குறைவு. நகரத்துக்காரர்கள் நல்லெண்ணத்தோடு, திறந்து கிடந்த கதவை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கும், இந்தப் பக்கம் மாடுகள் தாகத்தோடு நிற்கும். இரண்டாவது, ஈர வயலில் வண்டியை இறக்கக் கூடாது. பனி உருகிய மண் மேலே காய்ந்த மாதிரி இருக்கும். சக்கரம் பதிந்தால் அந்தத் தடம் அறுப்புக் காலம் வரை நிற்கும். மூன்றாவது சமாச்சாரம் பாசனக் குழாய். வயலின் குறுக்கே பெரிய சக்கரங்களின் மேல் நிற்கும் அலுமினியக் குழாய்கள் அங்கே சாதாரணக் காட்சி. அணில்கள் அந்தச் சக்கரத்தின் நிழலில் உட்கார விரும்பும். குழாய் இருக்கும் திசையில் பாட்டி யாரையும் சுட விடுவதில்லை, எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. ஒரு ஓட்டை விழுந்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமம், பிள்ளைகளுக்கான வேட்டைப் பயிற்சிச் சான்று, யார் உடன் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பார்ப்பதுதான் முறை. அதைவிட முக்கியமாக, எதிரே நிற்பது எந்த அணில் என்று தெரிந்திருக்க வேண்டும். தரை அணில் எல்லாம் ஒன்றில்லை. இடாஹோவில் வாழும் வடக்கு இடாஹோ தரை அணில் 2000-ஆம் ஆண்டு முதல் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆரிகனின் வடபகுதியில், கொலம்பியா படுகையில் இருக்கும் வாஷிங்டன் தரை அணில் அந்த மாநிலத்தின் அழியும் இனப் பட்டியலில் உள்ளது. கலிபோர்னியாவில் மொஹாவி தரை அணிலுக்கு 1971 முதல் பாதுகாப்பு. பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பேரன் பத்து வயதில் துப்பாக்கி பிடிப்பதற்கு முன்பு அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இருநோக்கியில் பார்த்துப் பிராணியின் பெயரைச் சொல்வது. அணில், வளை ஆந்தை, பேட்ஜர், முயல். தவறாகச் சொன்னால் அக்காவின் முறையும் போய்விடும் என்பது நிபந்தனை. அக்கா அவனுக்கு மும்முரமாகப் பாடம் எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

வளை ஆந்தையைச் சும்மா சேர்க்கவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்த ஆந்தை, அணிலும் பேட்ஜரும் தோண்டி விட்டுப்போன வளையில்தான் குடியிருக்கும். பகலிலும் வளை வாயில் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முளைக்குச்சி மாதிரி நிற்கும் அணிலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. சட்டப்படி அது தொடக்கூடாத பறவை.

இனித் துப்பாக்கி. இந்த வேட்டையின் அன்றாட ஆயுதம் பாயின்ட் டூ-டூ லாங் ரைஃபிள். 1887-இல் பிறந்த தோட்டா. இன்றும் மலிவு, சத்தமும் உதைப்பும் குறைவு. காற்று அடித்தாலோ தூரம் கூடினாலோ பாயின்ட் ஒன்-செவன் எச்.எம்.ஆர். எடுப்பார்கள். அது 2002-இல் சந்தைக்கு வந்தது, வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மகனுக்கு அதன் மேல் ஆசை. பாட்டிக்கு, கற்கும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்ற எண்ணம். பாயின்ட் டூ-டூவை ஐம்பது கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால் நூறு கஜத்தில் தோட்டா ஏறக்குறைய அரையடி கீழே இறங்கும். பக்கவாட்டில் பத்து மைல் வேகக் காற்று அடித்தால் நான்கைந்து அங்குலம் விலகும். நிற்கும் அணிலின் உடம்பு அகலமே மூன்று அங்குலம்தான். அதனால் காற்றைப் படிக்காமல் தூரத்தில் சுட்டால் குறி தவறும், அல்லது அதைவிட மோசமாகப் பாதி தவறும். காயம்பட்ட பிராணி வளைக்குள் போய்ச் சாகும். பிள்ளைகளுக்கு அவர் வைத்த எல்லை அறுபது கஜம். எல்லையைக் காட்ட வயலில் ஆரஞ்சு நிறக் கொடிக் குச்சி ஒன்று நட்டிருந்தார். கொடிக்கு இப்பால் வந்தால் பார்க்கலாம், அப்பால் நின்றால் அது அணிலுக்குச் சொந்தமான நிலம்.

பிள்ளைகளிடம் அரைத் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுக்காததற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போட்டு, போல்ட்டைத் தள்ளி, குறி பார்த்துச் சுட்டால் இடையில் யோசிக்க நேரம் கிடைக்கும். பத்துத் தோட்டா உள்ளே இருந்தால் முதல் தோட்டாவின் தவறைத் திருத்த இரண்டாவது, மூன்றாவது போய்க்கொண்டே இருக்கும். நூற்றுக்கணக்கில் அணில்கள் ஓடும் வயலில் பெரியவர்களுக்கே இந்த வெறி வந்துவிடுகிறது. சுட்ட எண்ணிக்கையை எண்ணும் சிறு கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டு வருபவர்களைப் பர்ன்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். எண்ணிக்கையில் பெருமை வந்த இடத்தில் குறியில் அக்கறை போய்விடுகிறது என்பது இதை எழுதுபவரின் எண்ணம். பாட்டியும் அந்தக் கருவியை வண்டியில் ஏற்ற விட்டதில்லை.

பாயின்ட் டூ-டூ தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அபாய எச்சரிக்கை இருக்கும்: ஒன்றரை மைல் வரை போகும். ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர். விளையாட்டுத் துப்பாக்கி என்று பலர் நினைக்கும் இந்தச் சிறு தோட்டாவின் குணம் இது. போதாக்குறைக்கு, மெதுவாகப் போகும் மெத்தென்ற ஈயத் தோட்டா கடினமான மண்ணிலோ கல்லிலோ தண்ணீரிலோ தாழ்வான கோணத்தில் பட்டால் உடையாமல் தெறித்து மேலே கிளம்பும். சமதள வயலில் படுத்துக்கொண்டு சுடுவது அழகாகத் தெரியும். ஆனால் ஆபத்து அங்கேதான். பாட்டி தேர்ந்தெடுத்த இடம் வயலைப் பார்த்துச் சரியும் ஒரு மேடு. அங்கே மடக்கு மேசை, மணல் பை, நாற்காலிகள். மேலிருந்து கீழே பார்த்துச் சுடும்போது தோட்டா மண்ணுக்குள் இறங்கும். வயலுக்கு அப்பால் வாய்க்காலின் உயர்ந்த கரை. அந்தக் கரைக்கு இடப்பக்கம் ஒரு கம்பம், வலப்பக்கம் ஒரு பழைய வைக்கோல் போர். அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும்தான் எந்தக் குழலும் நோக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும், ஒருவர்கூட முன்னே இருக்கக் கூடாது. யாராவது முன்னே போக வேண்டுமென்றால், மூத்திரத்துக்கோ பறந்துபோன தொப்பிக்கோ எதுவாக இருந்தாலும், பாட்டி ஒரு சொல் சொல்வார்: "நிறுத்து." உடனே எல்லா போல்ட்டும் திறக்கப்பட்டு, தோட்டா இடும் அறையில் ஆரஞ்சுக் கொடித் துண்டு செருகப்பட்டு, கைகள் துப்பாக்கியை விட்டு விலக வேண்டும். இந்த ஒத்திகையை வீட்டுத் தாழ்வாரத்தில், வெறும் துப்பாக்கியோடு, பிள்ளைகளுக்குச் சலித்துப்போகும் வரை செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள். வேட்டைப் பயிற்சி வகுப்பில் விதிகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த விதி கைக்குப் பழகுவது வீட்டில்தான்.

காதுக்கும் கண்ணுக்கும் காப்பு. சின்னத் துப்பாக்கிதானே என்று காதைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. பாயின்ட் டூ-டூ சத்தமும் காதருகே 140 டெசிபலை ஒட்டியது. மின்னணுக் காதுக் காப்பு வாங்கினால் வெடிச் சத்தத்தை மட்டும் அமுக்கிப் பேச்சுக் குரலை உள்ளே விடும். பிள்ளைகளோடு போகும்போது அந்தச் செலவு வீண் இல்லை, "நிறுத்து" என்ற சொல் கேட்டாக வேண்டும் என்பதற்காகவாவது.

அன்று காலை பேத்தியின் முதல் குறி கொடிக்கு இப்பால், நல்ல வெயிலில், அசையாமல் நின்ற ஓர் ஆண் அணில். அவள் கன்னத்தைக் கட்டையில் வைத்து, மூச்சை விட்டு, விரலை விசைக்குள் கொண்டுபோய், பிறகு விரலை வெளியே எடுத்துவிட்டாள். மண்மேட்டின் உச்சியில் அது நின்றது, அதன் தலைக்குப் பின்னால் வாய்க்கால் கரை இல்லை, வானம்தான் இருந்தது. "பின்னாடி ஒண்ணும் இல்ல பாட்டி" என்றாள். பாட்டி பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அணில் இறங்கிச் சரிவுக்கு வந்த பிறகுதான் வெடித்தாள். அந்தச் சுடாத நொடிதான் அவர் அன்று கற்றுக்கொடுக்க விரும்பிய மொத்தப் பாடமும். மகனுக்கு அது அவ்வளவாகப் பிடிபடவில்லை. அவன் காமிராவைத் தயாராக வைத்திருந்தது அடுத்த நொடிக்காக.

சுடுவதற்கு இடையில் கிடைக்கும் நேரம்தான் இந்த வேட்டையில் அதிகம். அந்த நேரத்தில் காதைக் கொடுத்துக் கேட்டால் வயல் பேசுவது புரியும். பெல்டிங் தரை அணிலுக்கு இரண்டு விதமான எச்சரிக்கை உண்டு. கயோட்டி, பேட்ஜர், நாய் என்று தரை வழியாக வரும் பகைக்கு அடுக்கடுக்கான கிரீச்சொலி. பருந்து மேலே வந்தால் ஒற்றை விசில். பால் ஷெர்மன் என்ற உயிரியல் ஆய்வாளர் சியரா நெவாடா மலையில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் டியோகா கணவாய்ப் புல்வெளியில், அணில்களுக்கு அடையாளம் இட்டு ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் சொன்னது இது: தரைப் பகையைக் கண்டு குரல் கொடுப்பவை பெரும்பாலும் பெண் அணில்கள், அதிலும் பக்கத்தில் மகள், தாய், சகோதரி என்று சொந்தம் இருக்கும் பெண்கள். குரல் கொடுப்பவளைத்தான் பகை குறிவைக்கும் என்பதால் அதற்கு விலையும் உண்டு. ஆண்கள் பிறந்த இடத்தை விட்டு வேறெங்கோ போய்க் குடியேறுபவர்கள். அவர்களுக்கு அங்கே சொந்தம் இல்லை, பெரும்பாலும் குரலும் இல்லை. பருந்துக்கான விசில் கதை வேறு. அதை எழுப்புபவர் தப்பித்து ஓடும்போதே எழுப்புகிறார், பெரும்பாலும் தப்பியும் விடுகிறார்.

இதை மருமகள் சொல்லக் கேட்டதும் பேரனுக்கு வேட்டை மறந்துவிட்டது. மேட்டில் ஆள் எழுந்து நின்றால் கிரீச்சொலி வருகிறதா, விசில் வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தான். கிரீச்சொலிதான் வந்தது. அவர்கள் வயலின் கணக்கில் கயோட்டி. ஒரு முறை விசில் கேட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது, வாலில் செம்மை தெரிய ஒரு பருந்து வட்டமிட்டது. பாட்டி "நிறுத்து" என்றார். பருந்து சுற்றும் நேரத்தில் சுடுவதில்லை.

அந்தப் பருந்தால்தான் அவர்களுடைய பெட்டியில் இருந்த தோட்டாக்கள் வழக்கமானவையாக இல்லை.

சுட்ட சேஜ் ரேட்டை அங்கே பெரும்பாலும் யாரும் எடுத்துப் போவதில்லை, வயலிலேயே கிடக்கும். அந்த நிலத்தின் பூர்வகுடிகளான வடக்குப் பையூட் மக்கள் ஒரு காலத்தில் தரை அணிலை உணவாக உண்டவர்கள்; இன்றைய வேட்டைக்காரர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. கிடப்பதைப் பருந்து, பொற்கழுகு, அண்டங்காக்கை வந்து தூக்கிப் போகின்றன. அது பறவைகளுக்கு விருந்தாயிற்றே என்று பலர் நல்ல மனதோடே நினைத்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுடப்பட்ட பெல்டிங் அணில்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 2016-இல் எழுதினார்கள். ஈயத் தோட்டாவால் சுடப்பட்ட உடல்களில் 80 சதவீதத்தில் ஈயத் துகள் தெரிந்தது. சுடும் பருவமும் பறவைகள் கூட்டில் குஞ்சு வளர்க்கும் பருவமும் ஒன்று. தாய்ப்பறவை கிழித்து ஊட்டும் இறைச்சியோடு ஈயமும் குஞ்சின் வயிற்றுக்குள் போகும். ஈயம் நரம்பைத் தாக்கும் நஞ்சு. சிறு உடம்புக்குச் சிறு அளவே போதும்.

கலிபோர்னியா 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் எந்தக் காட்டுயிரைச் சுடுவதற்கும் ஈயத் தோட்டா கூடாது என்று முழுமையாக அமல்படுத்திவிட்டது. தரை அணிலும் அதில் அடக்கம். ஆரிகனில் அப்படி முழுத் தடை இல்லை. பாட்டி தானாகவே செம்புத் தோட்டாவுக்கு மாறினார். மாறுவதில் உள்ள சங்கடங்களை அவர் மறைப்பதில்லை. விலை அதிகம், கடையில் எப்போதும் கிடைக்காது. பாயின்ட் டூ-டூவில் செம்புத் தோட்டாவின் எடை வழக்கமான ஈயத் தோட்டாவில் பாதிதான். கிளம்பும்போது வேகமாகக் கிளம்பும், சீக்கிரம் வேகம் இழக்கும், காற்று இன்னும் சுலபமாகத் தள்ளும். ஒரு துப்பாக்கியில் நன்றாகச் சேரும் ரகம் அடுத்த துப்பாக்கியில் சிதறும். அதனால் இரண்டு மூன்று ரகம் வாங்கி, காகிதத்தில் சுட்டுப் பார்த்து, ஸ்கோப்பை மறுபடி சரிசெய்து, எது ஒத்துப்போகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அறுபது கஜ எல்லை வந்ததும் இந்தக் கணக்கில்தான். விலை கூடியதில் ஒரு லாபமும் உண்டு: பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டாவையும் யோசித்துச் சுடுகிறார்கள்.

ஈயத்தை விட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நாளின் முடிவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுவது. செய்பவர்கள் சொற்பம், ஏனென்றால் வேலை அப்படி.

தொடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பேரன் முதலில் செய்ய நினைத்தது, அக்கா சுட்ட அணிலை வாலைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வது. மருமகள் செவிலியர், அவர் விடவில்லை. 1900-இல் சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வந்த பிளேக், சில ஆண்டுகளில் கலிபோர்னியாவின் தரை அணில்களுக்குப் பரவியது. இன்றும் அமெரிக்க மேற்கின் காட்டுக் கொறிவிலங்குகளிடையே அது அங்கங்கே தலைகாட்டுகிறது. அந்தப் பிளேக்கைத் துரத்திக்கொண்டு போன ஜார்ஜ் மெக்காய் 1911-இல் கலிபோர்னியாவின் துலாரே கவுன்டி அணில்களில் வேறொரு நோயைக் கண்டார். அந்தக் கவுன்டியின் பெயரைத் தாங்கி நிற்கும் துலரேமியா அதுதான். இரண்டுமே தெள்ளுப்பூச்சி, உண்ணி மூலமாகவோ செத்த உடம்பைத் தொடுவதாலோ மனிதருக்கு வரக்கூடியவை. உடம்பு ஆறத் தொடங்கியதும் தெள்ளுப்பூச்சிகள் இறங்கி அடுத்த சூட்டைத் தேடும். ஆகையால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வளைகளின் மேல் உட்காரக் கூடாது, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். நாயை வீட்டில் விட்டு வந்தது இதற்காகத்தான். பயணம் முடிந்து ஒரு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அணில் விவகாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது மருமகளின் கண்டிப்பு. சாப்பிடும் முன் கை கழுவுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. வெடிமருந்துப் புகையின் படிவு விரலில் ஒட்டியிருக்கும். ரொட்டியோடு அது உள்ளே போகும்.

மதியச் சாப்பாட்டின்போது பேத்தி கேட்டாள்: "இதுங்கள நாம சாப்பிடல. அப்புறம் எதுக்குச் சுடறோம்?"

மகன் பண்ணைக்காரரின் நஷ்டத்தைச் சொன்னான். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஒரு பள்ளத்தாக்கே அணிலாக இருக்கும் இடத்தில் சில குடும்பங்கள் சுட்டுத் தொகை குறைந்துவிடாது. சிறு வயலில், விடாமல் செய்தால் பலன் தெரியும், பெரிய நிலத்தில் நேரம்தான் போகும். பாட்டி வேறு பக்கத்திலிருந்து வந்தார். சுடாவிட்டால் பண்ணைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை, நஞ்சு வைப்பார். நஞ்சுக்குக் குறி கிடையாது. 1918-இல், முதல் உலகப் போரின் நடுவே, கலிபோர்னியா அரசு ஏப்ரல் கடைசியில் 'அணில் வாரம்' ஒன்றை அறிவித்தது. உணவுத் தானியத்தைத் தின்னும் அணில் நாட்டுக்குப் பகைவன் என்று சுவரொட்டி ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு அறிவித்து, ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சைத் தடவிய பார்லியை அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வால்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். நிலத்துக்கு மேலே ஸ்ட்ரிக்னின் வைப்பதை அமெரிக்கா நிறுத்தியது 1988-இல்தான். அணிலைத் தவிர வேறு எத்தனை வாய்கள் அந்தப் பார்லியைத் தின்றிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை.

பேத்தி கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை. மதியத்துக்குப் பிறகு அவள் துப்பாக்கியைத் தொடவில்லை, தம்பியோடு இருநோக்கியை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. குடும்பத்தோடு வேட்டைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயங்களில் இது முக்கியம். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம். கேலி கிடையாது, "இவ்வளவு தூரம் வந்துட்டு" கிடையாது. மகனுக்கு அந்தக் கடைசிச் சொல் நுனிநாக்கு வரை வந்தது, அவன் மனைவி பார்த்த பார்வையில் உள்ளே போனது.

பாட்டிக்குச் சொந்தமாக இன்னொரு விதியும் இருக்கிறது, சட்டப் புத்தகத்தில் இல்லாதது. குட்டிகள் வெளியே வரத் தொடங்கிவிட்டால் அவர் சுட வரமாட்டார். வேட்டைக்காரர்களில் பலர் அந்தப் பருவத்துக்காகவே காத்திருப்பவர்கள். குட்டிகளுக்குப் பயம் தெரியாது, வளை வாயில் கொத்தாக நிற்கும், சுடுவது சுலபம். சுலபம் என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பண்ணைக்காரர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அவருக்குக் குட்டியும் அடுத்த ஆண்டு பெரிய அணில்தான்.

காற்று பிற்பகலில் எழும். அந்தப் பள்ளத்தாக்கில் அது பெரும்பாலும் தவறுவதில்லை, ஆகவே காற்று எழுந்ததோடு சுடுவதும் சரி. மேசையை மடக்கினார்கள். பித்தளைக் கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்க ஒரு காந்தம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பேரன் சொல்ல, பித்தளையில் காந்தம் ஒட்டாது என்று அக்கா சொல்ல, கடைசியில் கையால்தான் பொறுக்கினார்கள். கூடு வயலில் கிடந்தால் தீவனக் கட்டுக்குள் போகும், கட்டிலிருந்து மாட்டின் வயிற்றுக்குள் போகும். மேசை போடும் இடத்தில் முதலிலேயே பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்திருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. கொடிக் குச்சியைப் பிடுங்கி, தண்ணீர்ப் புட்டிகளை எண்ணி, துப்பாக்கிகளின் அறையைக் கண்ணால் ஒரு முறையும் விரலால் ஒரு முறையும் பார்த்துப் பெட்டியில் வைத்தார்கள்.

பண்ணைக்காரர் கொட்டகை வாசலில், சகதி அப்பிய முழங்கால் பூட்ஸோடு நின்றார். எந்த வயல் ஓரத்தில் அதிகம் இருந்தது, வாய்க்கால் கரையில் புது வளை எங்கே பார்த்தார்கள், ஆந்தை ஏதாவது தென்பட்டதா என்று கேட்டார். பேரன் வாய்க்கால் திருப்பத்தில் பார்த்த இரண்டு வளைகளின் இடத்தை மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினான். அவர் குனிந்து பார்த்து, மடைக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பாட்டி வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பை தட்டைக் கொடுத்தார். மே மாதம் மாடுகளை மேய்ச்சல் மலைக்கு ஓட்டுவதற்கு முன் வடக்கு வேலியில் முள்கம்பி இழுத்துக் கட்ட வேண்டும், இரண்டு ஆள் இருந்தால் தேவலை என்றார் பண்ணைக்காரர். எந்த சனிக்கிழமை என்று மகன் கேட்டான். அவர் உள்ளே போய் நாட்காட்டியை எடுத்து வந்தார்.